டிஎன்எஸ் மாற்றினால் இணையம் வேகமாகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. வேகச் சோதனையில் 95-க்குக் குறைவதில்லை. ஆனாலும் புதிதாக ஒரு தளத்தைத் திறந்தால் பல சமயம் இரண்டு மூன்று விநாடி வெறும் வெள்ளைத் திரைதான். அப்புறம் மளமளவென்று வந்துவிடுகிறது. டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். 1.1.1.1 தான் வேகம் என்கிறார் இன்னொருவர். எதைப் போடுவது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். தளத்தின் பெயரைத் தட்டியதும் அதற்குரிய ஐபி முகவரியை டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு வாங்கிய பிறகே பிரவுசர் அந்தத் தளத்தோடு பேசத் தொடங்கும். ஒரு செய்தித் தளம் என்றால் படத்துக்கு ஒரு பெயர், விளம்பரத்துக்கு ஒரு பெயர், எழுத்துருவுக்கு ஒரு பெயர் என்று பலமுறை கேட்க வேண்டியிருக்கும். கிடைத்த விடையைக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அடுத்தடுத்த பக்கங்கள் சட்டென்று வர அதுவும் ஒரு காரணம். வேகச் சோதனை காட்டும் எம்பிபிஎஸ் கணக்கில் இந்தக் காத்திருப்பு சேராது.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கம் திறக்கும்போது குரோமின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். ‘ரிசால்விங் ஹோஸ்ட்’ என்று நின்றால் குற்றவாளி டிஎன்எஸ். ‘வெயிட்டிங் ஃபார்’ என்று தளத்தின் பெயரோடு நின்றால், முகவரி கிடைத்தாயிற்று, அந்தத் தளம்தான் பதில் சொல்லத் தாமதிக்கிறது. அதற்கு டிஎன்எஸ்ஸை மாற்றிப் பயனில்லை.

நீங்கள் சொல்லும் ‘இரண்டு மூன்று விநாடி’தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெதுவான டிஎன்எஸ் சர்வர்கூடப் பெரும்பாலும் சில பத்து மில்லி விநாடிகளைத்தான் கூட்டும், கண்ணுக்குத் தெரியாது. விநாடிக் கணக்கில் திரை வெளுத்து நிற்கிறதென்றால், கேட்ட கேள்விக்குப் பதிலே வராமல், கணினி பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கிறது என்றே நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டியது தவறாமல் பதில் சொல்லும் சர்வர். வேகம் அதற்கு அடுத்ததுதான். பல வீடுகளில் கணினியின் டிஎன்எஸ் கேள்விகள் ரவுட்டர் வழியாகத்தான் போகின்றன. அந்தச் சின்னப் பெட்டி திணறினாலும் இதே கோளாறு வரும்.

ஆகவே ரவுட்டரைத் தொடாமல், ஒரே ஒரு கணினியில் மட்டும் மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 11 என்றால் நெட்வொர்க் அமைப்பில் ‘டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்’ என்பதை ‘மேனுவல்’ ஆக்கி எண்ணைக் கொடுக்கலாம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: உங்கள் இணைப்பில் ஐபிவி6 இருந்தால் அதற்கும் தனியாக எண் கொடுக்க வேண்டும். 8.8.8.8 தரும் கூகுளுக்கு 2001:4860:4860::8888, 1.1.1.1 தரும் கிளவுட்ஃப்ளேருக்கு 2606:4700:4700::1111. இதை விட்டுவிட்டால் கேள்விகள் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருக்கலாம்.

இனி, எது வேகம்? கூகுள் டிஎன்எஸ் 2009-இல் வந்தது, குவாட்9 (9.9.9.9) 2017-இல், கிளவுட்ஃப்ளேர் (1.1.1.1) 2018-இல். மூன்றுமே ஒரே எண்ணின் பின்னால் உலகின் பல நகரங்களில் சர்வர் வைத்திருப்பவை. உங்கள் கேள்வி சென்னைக்குப் போகிறதா, மும்பைக்கா, சிங்கப்பூருக்கா என்பது உங்கள் இணைய நிறுவனம் போட்டிருக்கும் பாதையைப் பொறுத்தது. நண்பர் வீட்டில் முந்துவது உங்கள் வீட்டில் பிந்தலாம். ‘உலகின் வேகமான டிஎன்எஸ்’ பட்டியல்களை நம்பாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்தே அளந்து பாருங்கள். விண்டோஸுக்கு ஸ்டீவ் கிப்ஸன் எழுதிய ‘டிஎன்எஸ் பெஞ்ச்மார்க்’ நல்ல கருவி. பகலில் ஒருமுறை, எல்லோரும் வீடியோ பார்க்கும் இரவு நேரத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பிங் நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பிங்குக்கு உடனே குரல் கொடுக்கும் சர்வர், தன் நினைவில் இல்லாத பெயரைத் தேடித்தர வெகுநேரம் எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பெரிய வீடியோ தளங்கள் உங்களுக்கு எந்த ஊர் சர்வரிலிருந்து படம் அனுப்புவது என்பதைப் பல நேரம் டிஎன்எஸ் கேள்வி வரும் இடத்தை வைத்தே முடிவு செய்கின்றன. அதற்கு உதவியாக, கூகுள் டிஎன்எஸ் உங்கள் ஐபி முகவரியின் ஒரு பகுதியைப் பல தளங்களுக்குத் தெரிவிக்கிறது. கிளவுட்ஃப்ளேர் அந்தரங்கம் கருதித் தெரிவிப்பதில்லை. மாற்றிய பிறகு பக்கங்கள் வேகமாகத் திறந்து, வீடியோ மட்டும் திக்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். வேறு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

புது எண்ணில் வெள்ளைத் திரை மறைந்தால் அதையே ரவுட்டரிலும் போட்டுவிடுங்கள். மறையாவிட்டால் பழையபடி ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கிவிட்டு, வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். அளவீட்டில் பத்துப் பதினைந்து மில்லி விநாடிதான் வித்தியாசம், இணைய நிறுவனத்தின் சர்வரும் தவறாமல் பதில் சொல்கிறது என்றால், மாற்றவே வேண்டாம்.