சட்டாம்பிள்ளைகளுக்குச் சில வார்த்தை

முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கூட்டுப் படிப்பு நடத்த நீங்கள் ஆறு பேர் கிளம்பியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு நடத்திவிட்டு வீட்டில் இருக்கிறவன் நான். கேட்டீர்கள், சொல்கிறேன்.

1. உங்கள் வேலை ஒன்றும் புதுசில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளைதான். மணலில் எழுதிப் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல்லுக்கு யோசனை வந்தது. எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் பள்ளிக்கு 1789-ல் பொறுப்பேற்றவர் அவர். பிள்ளைகளையே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவைத்து, 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று சீமையெல்லாம் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறது. ஆனால் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்தது. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

2. நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிக்கிறவர்களோடு பழகினால் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்கள், அந்த அரைப் பங்கு யாருக்குப் போகிறது என்று மட்டும் யோசிப்பதில்லை. சொல்கிறவனுக்கல்லவா போகிறது!

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. மூன்றாம் வருஷம் படிக்கையில் நானும் ஐந்து பேரை உட்காரவைத்து ராத்திரி ராத்திரியாகப் பேசினேன். “நீ சொன்னா நல்லா விளங்குதுல” என்பார்கள். எனக்கும் குளுகுளுவென்றிருக்கும். ரிசல்ட் வந்தது. எனக்கு நல்ல மார்க். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் அதே தாளை மறுபடி எழுதினார்கள். அவர்கள் பங்கையும் சேர்த்து நான் தின்றிருக்கிறேன் என்று உறைக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று.

3. ஆகவே சாக்பீஸ் உங்கள் கையில் இருக்கக் கூடாது. ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று கூட்டிக்கொண்டே போகும் தொடரை எடுங்கள். “உறுப்பு சின்னதாகிக்கிட்டே போகுது, அதனால கூட்டுத்தொகை எங்கயாவது நின்னுரும்” என்பான் ஒருத்தன். தப்பு. உங்களுக்கு நாக்கு அரிக்கும். பொறுங்கள். “மூணுல ஒண்ணையும் காலையும் கூட்டிப் பாரு, அரையைத் தாண்டுதா?” என்று மட்டும் கேளுங்கள். தாண்டும். அடுத்த நாலு உறுப்பு? ஒவ்வொன்றும் எட்டில் ஒன்றுக்குக் குறையாது. நாலும் சேர்ந்தால் மறுபடி அரைக்கு மேல். அதற்கடுத்த எட்டு? இந்த இடத்தில் யாராவது ஒருத்தி நோட்டிலிருந்து தலையைத் தூக்குவாள்: “அப்போ அரை அரையா வந்துக்கிட்டே இருக்குமே, எங்க நிக்கும்?” அவளே போர்டுக்குப் போகட்டும். நீங்கள் எழுதினால் இரண்டு நிமிஷம். அவள் அழித்து அழித்து எழுத இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் வாயைத் திறக்காமல் உட்காரத் தெரிய வேண்டும்.

4. ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஏழாவது ஆள் வேடிக்கை பார்ப்பான்.

5. தமிழ் வழியில் படித்து வந்தவர்களைக் கவனியுங்கள். சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. டிஃபரன்ஷியேஷன் வரவில்லை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். பக்கத்தில் இருந்தவள் ஒருநாள், “ஏட்டி, அது நம்ம வகையிடல்தான்” என்றாள். அப்புறம் பேனா நிற்கவில்லை. முதல் வாரமே நோட்டின் கடைசிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வகையிடல், தொகையிடல், அணி, அணிக்கோவை; எதிரே காலேஜில் சொல்லும் பெயர் என்று எழுதவையுங்கள்.

6. ‘மக்குகளுக்கான வகுப்பு’ என்று பெயர் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. அமெரிக்காவில் மிசௌரி–கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-ல் இதுபோன்ற கூட்டுப் படிப்பைத் தொடங்கியபோது, எந்தப் பிள்ளை மோசம் என்று தேடாமல் எந்தப் பாடத்தில் நிறையப் பேர் விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். அந்தப் பாடத்துக்குக் குழு, யாரும் வரலாம். பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், தன் குழுக்களுக்குக் கடினமான கணக்குகளாகவே கொடுத்தார். நம் ஊரில் எந்தத் தாளில் அரியர் குவிகிறது என்பதற்கு ஆராய்ச்சியே வேண்டாம், கேன்டீனில் கேட்டாலே சொல்வார்கள்.

7. சாயங்காலம் வைக்காதீர்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைகளுக்குச் செங்கோட்டை வண்டி. ஸ்ரீவைகுண்டம், நாசரேத் பிள்ளைகளுக்குத் திருச்செந்தூர் வண்டி. கண் கடிகாரத்தில் இருந்தால் கணக்கு ஏறாது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு உட்காருங்கள். ஒரு குழு ரயிலிலேயே நடந்தது. சீட்டாடுகிறவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்களாம்.

8. உங்கள் நோட்டை ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பையன் ஒருவனுடைய நோட்டெல்லாம் சேறாகிவிட்டது. கூடப் படித்த ஐந்து பேர் ஆளுக்கொரு யூனிட் எடுத்துக்கொண்டு அவனுக்குச் சொன்னார்கள், அவன் எழுதிக்கொண்டான். பரீட்சையில் அவரவர் சொன்ன யூனிட்டைத்தான் அவரவர் நன்றாக எழுதினோம் என்று பிறகு என்னிடம் சொன்னார்கள்.

9. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஃபீஸ் கட்ட முடியாமலோ வீட்டில் ஏதாவதென்றோ ஒரு பிள்ளை அழுதால், அதைக் குழுவில் பேசவேண்டாம். நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் கூடவே அழைத்துப்போங்கள்.

10. டீக் காசைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். என் குழுவில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது அவர்கள்தான், அந்த மூன்று பேரும் முறை வைத்து.