ஜோடித் தளிரில் ஒன்று

போன்சாய் என்றாலே மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குவது என்று என் பாட்டி சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜப்பானுக்குப் பொறியியல் படிக்க வந்த பிறகு சைத்தாமாவில் உள்ள ஓமியா போன்சாய் கிராமத்தைப் பார்க்கப் போனேன். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவை விட்டு வந்த தோட்டக்காரர்கள் 1925-இல் அமைத்த இடம் அது. திரும்பும்போது கையில் மூன்று வயது மொமிஜி, அதாவது ஜப்பானிய மேப்பிள் கன்று.

மேப்பிளில் இலையும் மொட்டும் எதிரெதிராக ஜோடி ஜோடியாகவே வரும். ஒரு கிளையை வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு தளிர் வரும். இரண்டையும் வைத்துக்கொள்ளத்தான் மனசு சொல்லும். ஆனால் தண்டின் இருபுறமும் ஒரே உயரத்தில் கிளை நின்றால் சைக்கிள் ஹேண்டில் மாதிரி இருக்கும். ஒரே புள்ளியில் நிறைய கிளை சேர்ந்தால் அந்த இடம் முண்டு கட்டிவிடும், பிறகு சரி செய்வது கஷ்டம். அதனால் கீழே இடது பக்கத்தை விட்டால் மேலே வலது பக்கத்தை விட வேண்டும். நல்ல தளிர்தான், ஆனாலும் ஒன்று போக வேண்டும்.

பெரிய கிளைகளை இலை உதிர்ந்த பிறகு வெட்டுவது நல்லது. வசந்தம் தொடங்கும்போது வெட்டினால் காயத்திலிருந்து சாறு வடியும். கம்பி கட்டினால் அடிக்கடி பார்க்கணும். பட்டை மெல்லியது, சில வாரத்திலேயே தழும்பு விழும்.

என் தவறு வேறு இடத்தில். மார்ச்சில் வேரை வெட்டித் தொட்டி மாற்றினேன். ஏப்ரலில் ஒவ்வொரு நுனியையும் கிள்ளினேன். ஜூனில் எல்லா இலையையும் கத்தரித்தேன், புது இலை சின்னதாக வருமாம். எல்லாமே புத்தகத்தில் உள்ள முறைகள்தான். ஆகஸ்டில் இலை ஓரம் கருகி, அடிக்கிளை ஒன்று செத்தே போனது.

மரம் வாங்கிய கடைப் பெரியவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதெல்லாம் தண்டு தடித்த மரத்துக்குச் செய்வது என்றார். கன்று முதலில் ஓடி வளரணும். இலைதான் அதற்குச் சமையலறை. வேர் வெட்டிய வருஷமே இலையையும் எடுத்தால் எதை வைத்துப் பிழைக்கும்? தடிக்க வேண்டிய கிளையை வெட்டாமல் விடணும். வேலை முடிந்த பிறகுதான் குறைக்கணும்.

அவர் பேசப் பேச எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். போன விடுமுறையில் நம்ம கிளையின் சமய வகுப்பை நான் நடத்தினேன். படிவம் 2 படிக்கும் பையன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். தேவாரத்தில் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்தினேன். மூன்றாவது வாரம் அவன் வரவில்லை. ‘ஒழுக்கம் இல்லை’ என்று அப்போது சொன்னது நான்தான். கீதை 6-ஆம் அத்தியாயம் 35-ஆம் சுலோகத்தில் கண்ணன் மனதை அடக்க அப்பியாசம், வைராக்கியம் என்று இரண்டைச் சொல்கிறார். நான் அவனுக்கு அப்பியாசத்துக்கே இடம் கொடுக்கவில்லை. வைராக்கியத்தையும் அவன் மேல்தான் காட்டினேன், என் மேல் இல்லை.

ஊரில் மேப்பிள் வளர்க்க ஆசைப்படாதீர்கள். குளிர்காலத் தூக்கம் இல்லாமல் அது நிலைக்காது. நம்ம நர்சரிகளில் கிடைக்கும் வாட்டர் ஜாஸ்மின் வாங்குங்கள். அதற்கும் இலை ஜோடியாகத்தான் வரும், வெள்ளைப் பூ மணக்கும். வெட்டினால் பால் வடியும், பயப்பட வேண்டாம்.

என் மரம் பிழைத்துக்கொண்டது. செத்த கிளைக்குக் கொஞ்சம் மேலே ஒரு ஜோடித் தளிர் வந்திருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டேன். மற்றது இப்போது ஒரு முழ நீளம், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கு. இலை உதிரும் வரை கை வைக்க மாட்டேன். அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன் செய்து, டிசம்பரில் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.