தோட்டத்து ஓடையும் மின்சார உற்பத்தியும்

மலைச் சரிவில் நிலமுடையோர் பலருக்கு, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் தம் தோட்டத்தின் ஊடே பேரிரைச்சலோடு பாயும் ஓடையைக் காணுங்கால், இவ்வளவு ஜலமும் வீணே போகின்றதே, இதைக்கொண்டு வீட்டிற்கு வேண்டிய மின்சாரத்தையேனும் உண்டாக்கிக்கொள்ளலாகாதா என்னும் எண்ணம் எழுவது இயல்பே. அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும் அதன்மேல் பணம் போடுமுன் அதே ஓடையைச் சித்திரை மாதத்தில் ஒருமுறை சென்று பார்த்துவருதல் அவசியம்.

இம்முறை புதியதன்று. டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் 1897-ஆம் ஆண்டிலேயே சிறு நீர்மின் நிலையம் ஒன்று வேலைசெய்யத் தொடங்கிற்று. நீலகிரியில் 1932-ஆம் ஆண்டு பைக்காராத் திட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்னரே, காட்டேரி அருவியின் ஜலம் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் கொடுத்து வந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலோ நீர்ச்சக்கரங்களே முதலில் இலை உருட்டும் யந்திரங்களைச் சுழற்றின. பின்னர்ப் பொதுக் கம்பிகள் மலையேறி வந்தபோது அச்சக்கரங்களிற் பல கைவிடப்பட்டுத் துருவேறின. 1990-களிலும் அதன் பின்னரும் அங்கே கம்பி எட்டாத கிராமத்தார் தாமே சங்கம் கூடிச் சிற்றோடைகளில் மின்சாரம் எடுத்தனர். கம்பி வந்த இடங்களில் அவற்றுள்ளும் பல நின்றுபோயின. இதிலிருந்து கவனிக்கத்தக்கது யாதெனில், பொதுக் கம்பி வீட்டு வாசல்வரை வந்துள்ளவருக்குச் சொந்த மின் நிலையம் பெரும்பாலும் லாபமன்று. தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகளுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசமாகவே வழங்கப்படுகின்றது. கம்பி வராத மலைத் தோட்டத்தாருக்கும், மழைக்காலத்தில் மரம் விழுந்து வாரக்கணக்கில் இருளில் இருப்பவருக்குமே இக்கட்டுரையிற் கூறுவன பயன்படும்.

கணக்கு எளிது. விநாடிக்கு எத்தனை லிட்டர் ஜலம் விழுகின்றது, அது எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றது என்னும் இரண்டையும் பெருக்கி, வந்த தொகையை ஐந்தால் பெருக்கினால், கிடைக்கக்கூடிய சக்தி வாட்டுக் கணக்கில் வரும். இயற்கையில் உள்ள சக்தி இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழாயிலும் சக்கரத்திலும் ஜெனரேட்டரிலுமாகப் பாதி கழிந்துபோகின்றது. 20 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 6 லிட்டர் விழுமாயின் 600 வாட்டு கிடைக்கும். இது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரவும் பகலும் இடைவிடாது வருமாதலால் நாளொன்றுக்கு 14 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஒரு குடும்பத்தின் விளக்கு, விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றிற்கு இது தாராளமாய்ப் போதும். ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரை இதைக்கொண்டு ஓட்டலாமென்று எண்ணுதல் கூடாது. அதற்கு மட்டுமே 3,700 வாட்டு வேண்டும். புறப்படும்போது இழுப்பது அதனினும் பன்மடங்கு.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஏமாறுகின்றனர். சரிவில் நடந்து ஏறிய களைப்பு, பத்து மீட்டரை இருபதாகக் காட்டும். கொத்தனார்கள் கையாளும் தண்ணீர் மட்டக் குழாயைக்கொண்டு, மேலிருந்து படிப்படியாய் அளந்து இறங்கினால் பிழை நேராது. ஒழுகும் ஜலத்தை அளக்கவும் வழியுண்டு. சிற்றோடையாயின் முழுவதையும் ஒரு தகரத்தின் வழியே திருப்பி, 20 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகின்றதென்று பார்க்கலாம். அதனிற் பெரிய ஓடைக்கு, குறுக்கே ஒரு பலகையை ஜலம் கசியாதபடி நிறுத்தி, அதன் மேல்விளிம்பில் செங்கோணமாய் ஒரு முக்கோண வெட்டு வெட்டிவிட வேண்டும். வெட்டின் அடிமுனைக்குமேல் ஜலம் நிற்கும் உயரத்தைப் பலகையிலிருந்து ஒரு மீட்டர் மேல்புறமாக, ஜலம் அமைதியாய் நிற்குமிடத்தில், அளக்க வேண்டும். அவ்வுயரம் 10 சென்டிமீட்டராயின் விநாடிக்கு ஏறக்குறைய 4.4 லிட்டரும், 15 ஆயின் 12 லிட்டரும், 20 ஆயின் சற்றேறக்குறைய 25 லிட்டரும் பாய்கின்றன. உயரம் இரட்டிக்குமாயின் ஜலம் ஐந்து மடங்கிற்கும் மேலாகின்றதென்பது இதனால் விளங்கும். ஆகவே அளவுகோலில் ஒரு விரற்கடை பிழைத்தாலும் கணக்கு வெகுதூரம் பிழைத்துவிடும்.

இவ்வளவை வாரம் ஒரு முறையாக ஓராண்டு முழுவதும் எடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பதே முக்கியம். 20 மீட்டர் வீழ்ச்சியுள்ள ஓர் ஓடை கார்த்திகையில் 24 லிட்டரும், தையில் 6 லிட்டரும், சித்திரையில் ஒன்றரை லிட்டரும் கொடுப்பதாகக் கொள்க. கார்த்திகையைப் பார்த்தவர் 2,400 வாட்டு யந்திரம் வாங்குவார். சித்திரையில் அவ்வோடையில் உள்ளது 150 வாட்டுக்குரிய ஜலமே. அந்தச் சிறு கசிவு அப்பெரிய யந்திரத்தை அசைக்கவும் போதாது. வாங்கிய கடனுக்கு வட்டியோ கோடையிலும் நிற்பதில்லை.

கோடைக் குறையைத் தீர்க்க மேலே ஒரு தொட்டி கட்டுவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஒன்றரை லிட்டர் ஒழுக்கை இருபது மணி நேரம் தேக்கி, மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் திறந்துவிட்டால், அந்நேரத்தில் விநாடிக்கு 9 லிட்டர் வீதம் 900 வாட்டு கிடைக்குமென்பது உண்மையே. ஆனால் அதற்கு 1,08,000 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். அதாவது பத்து மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழம். செலவு ஒருபுறமிருக்க, கீழ்நிலத்தான் நிலைமை யாது? நாள் முழுதும் மெல்லியதாய் ஓடிக்கொண்டிருந்த ஓடை, அவனுக்கு இருபது மணி நேரம் வறண்டு கிடந்து, இருட்டிய பின் நான்கு மணி நேரம் பெருகும். அவனுடைய நாற்றங்காலுக்கும் மாட்டிற்கும் அது உதவாது. ஓராண்டு முழுதும் பாய்ந்தது முன்போலவேதான் என்று மேல்நிலத்தான் கணக்குக் காட்டினாலும், கோடையில் நாற்று வாடிய பின்னர் அக்கணக்கைக் கேட்பார் இல்லை. இதே மின்சாரத்தை, 150 வாட்டாகவே இரவும் பகலும் எடுத்து பேட்டரியில் சேமித்து மாலையில் செலவழிக்கலாம். சேமிப்பில் ஒரு பங்கு குறையினும், ஓடை தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டியினும் பேட்டரியே மேலென்பதற்கு இஃதொன்றே போதிய காரணம்.

உரிமையைப்பற்றிய தவறான எண்ணம் ஒன்றும் பரவியுள்ளது. பட்டா நிலத்தின் நடுவே ஓடுவதனாலேயே ஓடை பட்டாதாருடையது ஆகிவிடாது. கிராம ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தால், அவ்வோடை பல இடங்களில் தனிப் புல எண்ணோடு ஓடைப் புறம்போக்காகவே குறிக்கப்பட்டிருக்கக் காணலாம். 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டப்படி, இயற்கை ஓடையின் கரையிலுள்ள ஒவ்வொரு நிலக்காரனுக்கும், மேலேயிருந்து வரும் ஜலம் அளவிலும் திசையிலும் வேகத்திலும் பெரிதும் மாறுபடாமல் தன் எல்லைக்குள் வந்துசேரும் உரிமை உண்டு. தொழிலுக்கு அதை உபயோகிக்கும் உரிமையும் உண்டு. ஆனால் கீழே உள்ளவருக்குக் கணிசமான தீங்கு நேராதவரையிலேயே. இயற்கை ஓடைகளின் ஜலத்தைத் தேக்கவும் பங்கிடவும் சர்க்காருக்குள்ள அதிகாரத்தையும் அச்சட்டம் குறைக்கவில்லை. ஜலம் எடுக்குமிடமோ குழாய் செல்லும் வழியோ காப்புக் காட்டிற்குள் அமையுமாயின், 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அநுமதி பெறாமல் ஒரு கல்லையும் புரட்டலாகாது. இவ்வநுமதி எளிதில் கிட்டுவதன்று.

நீர்மின்சாரம் ஜலத்தைக் குடிப்பதில்லை என்பது மெய். எடுத்தது அனைத்தும் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஓடைக்கே திரும்புகின்றது. எனினும் எடுக்குமிடத்திற்கும் திரும்புமிடத்திற்கும் நடுவே ஓடை வறள்கின்றது. அந்த நடுப்பகுதியில் பிறருடைய நிலமோ, ஊரார் ஜலம் மொள்ளும் துறையோ, கால்நடை இறங்கும் வழியோ இருப்பின் வழக்கு நிச்சயம். எடுப்பதும் விடுவதும் ஒருவர் எல்லைக்குள்ளேயே அமைந்து, கோடையில் நடுப்பகுதிக்கும் ஒரு பங்கு விடப்படுமாயின் சண்டைக்கு இடமிராது. கிராம நிர்வாக அலுவலர், வேலை தொடங்குமுன் கீழ்நிலத்தார் முன்னிலையில் முக்கோணப் பலகையால் ஓர் அளவெடுத்து எழுதிவைத்தால், பின்னர் எழும் புகாரைத் தீர்க்க அதனினும் சிறந்த ஆதாரம் வேறில்லை.

குழாயில் சிக்கனம் பார்ப்பது மற்றொரு பிழை. மேற்சொன்ன 6 லிட்டரை 150 மீட்டர் நீளக் குழாயில் கொண்டுவருவதாயின், 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் உராய்வினால் இழப்பது முக்கால் மீட்டர் உயரமே. விலை குறைவென்று 63 மில்லிமீட்டர் குழாயைப் போட்டவர் ஏறக்குறைய 13 மீட்டரை இழப்பார். 20 மீட்டர் வீழ்ச்சியில் அவருக்கு மிஞ்சுவது ஏழு. மேலும் குழாயின் அடிமுனைத் திறப்பைத் திடீரென்று அடைத்தால் உள்ளே ஓடிவரும் ஜலம் சம்மட்டிபோல் இடித்துக் குழாயைப் பிளந்துவிடும். அதை மெல்லவே திருக வேண்டும்.

சக்கரங்களுள் உயர்ந்த வீழ்ச்சிக்குப் பெல்ட்டன் சக்கரம் ஏற்றது. ஜலம் குறையும்போது அதன் பீச்சுவாய்களை ஒவ்வொன்றாய் அடைத்துக்கொள்ளலாம். 20 மீட்டர் போன்ற நடுத்தர வீழ்ச்சிக்குக் குறுக்குப்பாய்வுச் சக்கரம் நன்று. சாதாரண பம்பைத் திருப்பி ஓட்டுவதும் உண்டு. விலை மலிவே, ஆனால் ஓர் அளவு ஜலத்திற்குமேல் கீழ் அது இணங்காது. எதுவாயினும், விளக்குகளை அணைத்தவுடன் பளுவிழந்த சக்கரம் வெறிகொண்டு சுழலும். மின்னழுத்தம் ஏறி மிஞ்சிய விளக்குகள் எரிந்துபோம். ஆகையால் மிகுதி மின்சாரத்தைத் தானே வெந்நீர்க் கலத்தில் செலுத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி இன்றியமையாதது. வெந்நீர் கிடைப்பது அதன் உபரி லாபம். வீட்டில் உண்டாக்கியதென்பதற்காக 230 வோல்ட்டு கொல்லாமல் விடாது. தரையிணைப்பும் கசிவுத்தடுப்பானும் அவசியம் வைக்க வேண்டும்.

தஞ்சைச் சமவெளியில் வாய்க்கால் இறக்கங்களைக் காட்டி இதே கேள்வியைக் கேட்போருக்கு விடை சுருக்கமானது. அவ்வாய்க்கால்கள் சர்க்காருடையவை, இறக்கம் ஒரு மீட்டர் கிடைப்பதே அரிது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் அடைபட்டு ஜூன் 12-ல் திறக்கும்வரை அவற்றில் பெரும்பாலும் ஜலமும் இராது.

யந்திரத்தை நிறுத்திவைப்பது பெரும்பாலும் பழுதன்று, சருகே. ஜலம் குழாய்க்குள் புகுமுன் ஒரு சிறு தொட்டியில் தங்கி வண்டலை விட்டுவர வேண்டும். தொட்டியின் அடியில் வண்டல் கழுவ ஒரு மதகும், மேலே மிகுதி வழிய ஒரு கலிங்கும், குழாய்வாயில் சாய்ந்த கம்பி வலையும் தேவை. முதல் மழையன்று வலை ஒரு மணி நேரத்தில் சருகால் அடைபடும். அன்றிரவு நனைந்துகொண்டு மேலே சென்று சருகு வாரப் போகின்றவர் யார் என்பதை, யந்திரம் வாங்குமுன்னரே வீட்டார் கூடி முடிவுசெய்துகொள்வது உத்தமம்.