நீராடலும் நீர்த் தூய்மையும்

உடற்றூய்மைக்கு நீராடல் இன்றியமையாதது. எம்முறையில் நீராடின் குறைந்த நீரில் நிறைந்த தூய்மை கிட்டும் என்பதை ஈண்டுக் கணக்கிட்டு ஆராய்வோம்.

குளியற்றொட்டி ஒன்றை நிரப்ப ஏறத்தாழ 150 லீற்றர் நீர் வேண்டும். ‘ஷவர்’ எனப்படும் தூவற்குழாய் நிமிடத்திற்கு 10 லீற்றர் சொரியுமெனக் கொள்வோம். 5 நிமிடக் குளிப்புக்கு 50 லீற்றரே செலவாகும். 15 நிமிடம் நின்றாலோ தொட்டியின் அளவை எட்டிவிடும். வாளியில் மொண்டு குளிப்பவருக்கு 20 லீற்றர் போதும்.

தூய்மையை நோக்கின், தொட்டியிற் கழுவிய அழுக்கு அந்நீரிலேயே தங்கும். மேலிருந்து வீழும் நீரோ அதனை உடனே அகற்றும். நம் தோட்டத்துப் பீலியும் இவ்வகையினதே.

பீலி நீர் இரவும் பகலும் தானே ஓடுவது. ஆகவே, ஆங்கு அளவினும் பெரிதாக எண்ணத்தக்கது, அந்நீர் அடுத்துச் செல்லும் இடமாகும். மேல் லயத்தார் குளித்த நீரும், குழந்தைகளின் அழுக்குத் துணி அலசிய நீரும் கீழ் லயத்தாரின் குடிநீரோடு கலப்பின், வயிற்றுளைவும் நெருப்புக் காய்ச்சலும் பரவக்கூடும். கேடு அவ்வளவில் நில்லாது. நம் ஓடைகள் பல கொத்மலை ஓயாவை அடைந்து, 1985ஆம் ஆண்டில் நிறைவுற்ற அணையிற் தேங்கி, மகாவலியோடு கலக்கின்றன.

ஆதலின், குழாய்நீர் உடையோர் சவர்க்காரம் தேய்க்கும்போது குழாயை மூடுக. பீலியிற் குளிப்போர் குடிநீர் எடுக்கும் இடத்திற்குக் கீழே குளித்து, கழிவுநீரை விலகிச் செல்லும் கானில் விடுக. தன்னுடலைத் தூய்மை செய்வோன் பிறர் பருகும் நீரை மாசுபடுத்தலாகாது; மாணவர் இதனை இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பாராக.