பட்டணத்தில் கடைசி நாள்

நம் திருவிடைமருதூரிலிருந்து சென்னைப் பட்டணத்துக்குப் போகும் பிள்ளைகள் இப்போது நிறைய. ஒருவன் டிஎன்பிஎஸ்சி பயிற்சிக்கு, ஒருத்தி நர்சிங் முடித்துவிட்டு ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு, இன்னொருவன் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்புக்கு. போகும்போது தெருவே கூடி அறிவுரை சொல்கிறது. திரும்பி வரும் நாளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த நாளை அறை கூட்டுவதிலும் பெட்டியை அமுக்கி மூடுவதிலும் தொலைத்துவிட்டு வந்து சேர்கிறார்கள். மாதக்கணக்கில் மேன்ஷனுக்கும் வகுப்புக்கும் நடுவே மட்டும் நடந்த பிள்ளைக்கு, ஊரைப் பார்க்க வாய்த்த ஒரே முழுநாள் அது. வேலைக்காலம் முழுவதும் திருவல்லிக்கேணியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. மூட்டையை முந்தின நாள் ராத்திரியே கட்டிவிடுங்கள். வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எழும்பூர் நிலையத்தில் புதுப்பிப்பு வேலை நடப்பதால் சில வண்டிகள் தாம்பரத்திலிருந்து புறப்படுகின்றன. பஸ் என்றால் கிளாம்பாக்கம். நகரத்தின் நடுவிலிருந்து அது ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சாயங்காலத்தை எத்தனை மணிக்கு முடிப்பது என்பது இதை வைத்துத்தான்.

2. ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டலூர், மகாபலிபுரம், தி. நகர், மெரினா என்று ஒரே நாளில் அலைந்தால் பார்ப்பது ஆட்டோவின் முதுகைத்தான். நான் சொல்லும் வழி: காலையில் திருவல்லிக்கேணி, உச்சிவெயிலில் எழும்பூர் மியூசியம், சாயங்காலம் கடற்கரை, இருட்டியதும் பீச் ஸ்டேஷன். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் 2021 முதல் காசு கிடையாது, கூச்சப்படாமல் ஏறுங்கள். தினமும் போன தெருவில் மட்டும் அன்றைக்குப் போகாதீர்கள். வரகுண பாண்டியன் நம் கோயிலுக்குள் ஒரு வாசலால் நுழைந்து வேறு வாசலால் வெளியேறிய கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நீங்கள்.

3. காலையில் பார்த்தசாரதி கோயில். நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீடு கோயிலுக்குப் பக்கத்திலேயே நினைவில்லமாக இருக்கிறது. அதன் பிறகு ரத்னா கபே. 1948-லிருந்து இட்லி சாம்பாருக்குப் பேர்போன கடை அது. கரண்டியால் ஊற்றுவதில்லை, ஜக்கோடு வந்து இட்லி மூழ்கும்வரை சாய்ப்பார்கள். இட்லியைப் பிய்த்துச் சாம்பாரில் ஊறவிட்டு, ஸ்பூனால் சாப்பிடுங்கள். நம் பக்கத்துச் சாம்பாரைவிடக் கொஞ்சம் இனிப்பும் குழைவும் கூட. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னும் சாப்பிட வேண்டியது நிறைய இருக்கிறது, மத்தியானம் முழுச் சாப்பாட்டில் உட்கார்ந்துவிட்டால் அதோடு நாள் படுத்துவிடும்.

4. மியூசியத்தைத் தவறவிடாதீர்கள். இந்த அறிவுரைகளில் ஒன்றைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள். 1851-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. நேரே செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குப் போங்கள். அங்கே இருப்பவற்றில் பல நம் காவிரிக்கரையிலிருந்து போனவை. சீர்காழிக்குப் பக்கத்துத் திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கேதான் நிற்கிறார். அவர் முன்னால் பத்து நிமிஷமாவது நில்லுங்கள். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. அந்த ஒற்றைக் கை கணுவே இல்லாத கொடி போல இறங்குகிறது. வலத்தோள் அகன்று நேராக நிற்க, இடப்பக்க இடுப்பு ஒசிந்து வெளியே வருகிறது. நடுவில் எங்கே ஆண் முடிந்து பெண் தொடங்குகிறாள் என்று தேடினால் கோடே அகப்படாது. வார்த்தவன் சோழர் காலத்துக் கலைஞன்.

தைப்பூசத்தில் சாமி புறப்பாட்டை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? பட்டும் மாலையும் ஆபரணமும் போர்த்தி முகம் மட்டும்தான் நமக்குத் தெரியும். அது வழிபாட்டின் அழகு, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பட்டுக்குள்ளே இருக்கும் தோளும் இடுப்பும் முதுகும் எப்படிச் செய்யப்பட்டவை என்று கண்ணால் காண வேண்டுமானால் எழும்பூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. சிலைக்குப் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். அதே கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரையும் பார்த்துவிட்டால் போதும். தொல்லெலும்பு, நாணயம், திமிங்கல எலும்புக்கூடு எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம்.

5. பட்டுப்புடவை வாங்காதீர்கள். அம்மாவுக்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்று தி. நகர்க் கூட்டத்தில் போய் நசுங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நம் ஊருக்குப் பக்கத்தில் திருபுவனத்தில் தறி ஓடுகிறது; புவிசார் குறியீடு பெற்ற பட்டு. சம்பளம் வந்த பிறகு அம்மாவையே அழைத்துக்கொண்டு அங்கே போங்கள். திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

6. கடற்கரைக்கு நாலரை மணிக்கு மேல் போங்கள். மாநிலக் கல்லூரி வாசலில் கடலைப் பார்த்தபடி உ.வே.சா. சிலை இருக்கிறது. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர், கும்பகோணம் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், 1903-இல் இந்தக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. புது ஊர் பிடிக்குமோ என்று பயப்படுகிற பிள்ளைகள் அந்த வயதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கொஞ்சம் தெற்கே விவேகானந்தர் இல்லம். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டிய கிடங்கு அது. அதனால்தான் அந்தப் பேட்டைக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ் என்று பெயர்.

தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம், மிளகாய் பஜ்ஜி ஒன்று. போதும்.

7. கடலில் இறங்காதீர்கள். காவிரித் தைப்பூசப் படித்துறையில் குதித்து நீந்திய தைரியம் இங்கே செல்லாது. ஆறு ஒரு பக்கமாக இழுக்கும், கரை கண்ணுக்குத் தெரியும். மெரினாவில் அலை திரும்பும்போது காலடி மணலை உருவி உள்ளே இழுக்கும். அடுத்த அலை மேலே விழும். நன்றாக நீந்தத் தெரிந்த பையன்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கால் நனைப்பதோடு சரி. கூட வந்த நண்பன் கேலி பேசினாலும் பேசட்டும்.

8. பறக்கும் ரயிலில் ஏறிப் பீச் ஸ்டேஷனுக்கு வாருங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே தள்ளுவண்டிகளில் அத்தோ கிடைக்கும். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடையும் வீடும் பறிபோய்க் கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் அது. அவர்கள் பிழைப்புக்காகத்தான் 1969-இல் பக்கத்தில் பர்மா பஜார் உருவானது. நம் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் ரங்கூனுக்குப் போனவைதான்.

அத்தோ வாங்கும்போது கடைக்காரர் கையைப் பாருங்கள். கிண்ணத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி. மேலே நூலாக அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம், நொறுக்கிய தட்டை. அப்புறம் புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய், எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் விரலாலேயே பிசைந்து தட்டில் கவிழ்ப்பார். சூடு கிடையாது. புளிப்பும் காரமும் முதலில் வரும், பொரித்த வெங்காயத்தின் தித்திப்பு கடைசியில் வரும். கூடவே வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் தருவார்கள். வாழைத்தண்டைப் பொரியலாகவும் கூட்டாகவும் மட்டுமே தின்ற நமக்கு அது புதுசு. கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள், கேளுங்கள்.

9. அப்பா அழைத்துப்போக வந்திருந்தால், அன்றைய நாள் அவருக்கு. கோர்ஸ் பணம் கட்ட அவர் எதை அடகு வைத்தார் என்று உங்களுக்குத் தெரியும். "எனக்கு ஒண்ணும் வேணாம், நீ சாப்பிடு" என்பார். விடாதீர்கள். கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி உண்டு. மேலே அழைத்துப்போய்க் கடலையும் ஊரையும் காட்டுங்கள், உங்கள் வகுப்பு எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டுங்கள். திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.

10. வண்டி எழும்பூரானாலும் தாம்பரமானாலும் பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் நேரே போகும். வழியில் அறைக்குப் போய் மூட்டையை எடுக்கும்போது மெஸ் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். தினமும் ரசம் ஊற்றிய அக்காவிடம் எந்த ஊர், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று அன்றைக்காவது கேளுங்கள். அவர் எண்ணையும் மேன்ஷன் மேனேஜர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். ஜூனில் நம் தெருவிலிருந்து இன்னொரு பிள்ளை கிளம்புகிறது, அறை தேட அந்தத் தாள் வேண்டும்.