பண்ருட்டிப் பக்கம் கால்பந்து அணி தொடங்கும் பி.டி. ஆசிரியர்களுக்கு

பி.பி.எட். முடித்து, பண்ருட்டி வட்டாரத்துப் பள்ளி எதிலாவது இந்த ஆண்டு கால்பந்து அணி தொடங்கப்போகும் தம்பி, தங்கைகளுக்கு எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். விசிலைத்தான் ஒப்படைத்தேன், வாயை இல்லை. கீழே சொல்வதெல்லாம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. அந்த வகுப்புகளில் கோப்பை வாங்கித் தருவது உங்கள் வேலை இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகும் சாயந்திரம் பந்தைத் தேடி வருகிற பிள்ளைகளை உண்டாக்குவதுதான் வேலை. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

1. பள்ளி திறந்ததும் அணி பொறுக்காதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும், கொஞ்ச நாளில் குறுவட்டப் போட்டிக்குத் தேதி வரும், ஹெச்.எம். பெயர்ப் பட்டியல் கேட்பார். உடனே வரிசையில் நிற்க வைத்து, உயரமானவனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு மற்றவர்களை வகுப்புக்கு அனுப்புவதுதான் நம் ஊர் வழக்கம். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு ஜனவரி 1 தான் கணக்கு. ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் தாளில் ஒரே வயது. பன்னிரண்டு வயதில் அந்தப் பதினோரு மாதம் உயரத்தில் தெரியும், ஓட்டத்தில் தெரியும், தைரியத்திலும் தெரியும். கால்பந்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஐரோப்பிய நாடுகளிலேயே, இளையோர் அணிகளின் பிறந்த தேதிகளை அடுக்கிப் பார்த்தபோது, கணக்குத் தேதியை ஒட்டிய மாதங்களில் பிறந்தவர்களே கூடுதலாக இருந்தார்கள். திறமையைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு அவர்கள் பிறந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாமும் அதையேதான் செய்கிறோம். பட்டியல் கொடுத்தாக வேண்டுமென்றால் கொடுங்கள். ஆனால் பட்டியலில் இல்லாதவனும் மறுநாள் மைதானத்துக்கு வரவேண்டும், அவனுக்கும் பந்து கிடைக்க வேண்டும்.

2. பந்தின் அளவைப் பாருங்கள். கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் 5-ஆம் எண். சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். அது பெரியவர்கள் பந்து. ஆறாம் வகுப்புப் பையன் அதை உதைத்தால் கால் வலிக்கும், பந்து போகாது. அதனால் கால் முனையால் குத்தப் பழகிக்கொள்வான், பிறகு அந்தப் பழக்கம் போகவே போகாது. 4-ஆம் எண் கேட்டு வாங்குங்கள். ஒரு நல்ல பந்துக்குப் பதில் சுமாரான மூன்று பந்து வாங்கலாம். இருபது பேருக்கு ஒரே பந்து என்றால் பத்தொன்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். காற்றடிக்கும் ஊசியை நனைத்துச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். நம் பக்கத்து மைதானங்களைச் சுற்றிச் சீமைக் கருவேலம்தான் வேலி, ஆகவே வாரம் ஒரு நாள் பிள்ளைகளோடு சேர்ந்து முள் பொறுக்குங்கள். அதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம், குனிந்து நிமிர்வதுதானே.

3. பதினோரு பேர் ஆட்டம் வேண்டாம். பாதி மைதானத்தை நான்காகப் பிரித்து, நாலுக்கு நாலு ஆடவிடுங்கள். கோல் போஸ்டுக்கு இரண்டு செங்கல் போதும். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள பெரிய போஸ்டில் நாலரை அடிப் பையனைக் கீப்பராக நிறுத்தி, தலைக்கு மேல் பந்தடித்து கோல் போட்டு மகிழ்வது விளையாட்டே இல்லை. சின்ன இடத்தில் ஒவ்வொருவன் காலிலும் பந்து அடிக்கடி படும். திரும்பக் கற்றுக்கொள்வான், பாஸ் கொடுக்க ஆளைத் தேடுவான், தப்பு செய்து தானே திருத்திக்கொள்வான். பெரிய ஆட்டத்தில் ஒதுங்கி நிற்கும் பயந்த பிள்ளைக்கு இங்கே ஒளிய இடமில்லை. கபடியில் பெயரெடுத்த பையன்களையும் கூப்பிடுங்கள். கால் வைக்கத் தயங்காதவர்கள். தடுப்பாட்டத்துக்கு அவர்களைப் போல் ஆள் கிடைக்காது.

4. சாப்பிட்டானா என்று கேளுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, போன ஆண்டு வரை பள்ளியில் கிடைத்த பொங்கலும் உப்புமாவும் இல்லாமல் காலைப் பயிற்சிக்கு வருகிறது. அம்மா விடியுமுன் முந்திரிக் கொட்டை உடைக்கப் போயிருப்பாள். வெறும் வயிற்றில் ஓடவிட்டால் முதலில் தலை சுற்றும், நான்காவது நாள் ஆளையே காணோம். நீங்கள் அவனைச் ‘சோம்பேறி’ என்று எழுதி வைப்பீர்கள். அவித்த வேர்க்கடலை நம் வட்டாரத்தில் கிடைக்காத பொருளா? பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கேட்பதானால் ஜெர்சிக்கு முன்னால் கடலைக்குக் கேளுங்கள். முடியாவிட்டால் காலைப் பயிற்சியை விட்டுவிட்டுச் சாயந்திரம் மட்டும் வையுங்கள். மதியம் சத்துணவும் முட்டையும் உள்ளே போயிருக்கும்.

5. வெயிலில் முரட்டுத்தனம் காட்டாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டரைக்குமேல் விசில் ஊதக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர். ‘தண்ணி குடிச்சா மூச்சு வாங்கும்’ என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு எப்போதும் பையில் இருக்கட்டும்.

6. மழை வேறு கணக்கு. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கூடவே புயல். கடலூர் மாவட்டம் 2011-இல் ‘தானே’யையும் 2024-இல் ‘ஃபெஞ்சல்’ மழை வெள்ளத்தையும் பார்த்தது. செம்மண் மைதானம் ஒரு வாரம் சேறாகக் கிடக்கும். சேற்றில் ஆடலாம், குதூகலமாக ஆடுவார்கள், துணி துவைக்கும் அம்மாக்களிடம் மட்டும் முன்கூட்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இடிச் சத்தம் காதில் விழுந்தால் அந்த நொடியே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை யாரும் வெளியே வரக் கூடாது. மைதான ஓரத்து ஒற்றை மரத்தடி அடைக்கலம் இல்லை.

7. தலையால் முட்டச் சொல்லாதீர்கள். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெட்டிங்கை நிறுத்தியது, அடுத்த சில வயதுகளுக்குப் பயிற்சியில் அளவு வைத்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து சங்கங்கள் 2020-இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்தே அதை எடுத்துவிட்டன. வளர்கிற மண்டைக்கு அடி ஆகாது என்பதுதான் காரணம். இரண்டு தலைகள் மோதிக்கொண்டால், பையன் ‘ஒண்ணுமில்ல சார்’ என்றாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் கிடையாது. சொல்லும்போது அவன் கண் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள்.

8. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கிறது என்பான். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் கிடுகிடுவென்று வளரும் பிள்ளைகளுக்கு, அதிலும் ஓடிக் குதிக்கிறவர்களுக்கு, வருவதுதான். மருத்துவரிடம் காட்டுங்கள், குதிப்பதைக் குறையுங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு மறுபடி ஓடவிடாதீர்கள். பூட்ஸ் இல்லை என்று எவனையும் திருப்பி அனுப்ப வேண்டாம், பயிற்சியில் எல்லாரும் வெறுங்காலோடு ஆடட்டும். போட்டி என்று வந்தால் விதிப்படி ஷின் கார்டு கட்டாயம். ஒரு செட் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

9. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், தனிப் பந்து. ‘மீதி நேரத்தில் பாப்பாக்களும் ஆடட்டும்’ என்று சொல்லும் ஆசிரியரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நம் மாவட்டத்தில் கால்பந்து என்று யாராவது வாய் திறந்தால் முதலில் சொல்ல வேண்டியது பெண்களின் பெயரைத்தான். இந்தியாவுக்கு ஆடிய சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிக்காரர். அரசு விடுதியில் தங்கிப் படித்து வளர்ந்தவர். இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். இந்திய அணியில் நடுக்களத்தில் ஆடியவர், 2020-இல் கொரோனாக் காலத்தில் சென்னையில் காவல் உதவி ஆய்வாளராகத் தெருவில் நின்றவர். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகம் 2018-இல் இந்தியப் பெண்கள் லீக்கில் ஆடியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, பல முறை பட்டம் வென்றிருந்த மணிப்பூரை இறுதியாட்டத்தில் 2-1 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கியது. 2023-இல் மறுபடியும் வாங்கியது. இத்தனைக்கும் பிறகு நம் பள்ளிகளில் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குப் பந்து கொடுக்க யோசிக்கிறோம்.

அவர்கள் வராமல் போவதற்குக் காரணம் ஆர்வக்குறைவு இல்லை. உடை மாற்ற இடம் இருக்காது, கழிவறையில் தண்ணீர் வராது, காடாம்புலியூர்ப் பக்கம் போகும் கடைசி டவுன் பஸ் தவறிவிடும் என்ற பயம் இருக்கும். வயதுக்கு வந்த பிறகு ‘போதும்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். முதல் மூன்றையும் ஹெச்.எம்.மும் நீங்களும் சரிசெய்யலாம். நான்காவதற்கு, ஒரு பெண் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போங்கள். அப்பாவிடம் பேசுவதைவிட ஆயாவிடம் பேசுங்கள், அந்த வீட்டில் முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்தான். அரைக்கால் சட்டைதான் தடையென்றால் முழு டிராக் பேன்ட் போட்டு ஆடட்டும். பயிற்சியில் அதற்கு எந்தத் தடையும் இல்லை.

10. வயதில் கை வைக்காதீர்கள். பதினாறு வயதுக்காரனைப் பதினாலு என்று காட்டிக் கோப்பை வாங்கிய பள்ளிகள் உண்டு, ஊருக்கே தெரியும். 1960-இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பை போன்ற அகில இந்தியப் பள்ளிப் போட்டிகளுக்குப் போகும்போது மருத்துவச் சோதனை வரும். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். அங்கே சிக்கினால் அவமானம் பையனுக்கு, சான்றிதழ் தயார் செய்தவருக்கு இல்லை. அதைவிடப் பெரிய கேடு வேறு. அவன் நின்ற இடத்தில் நிற்க வேண்டிய உண்மையான பதிமூன்று வயதுக்காரன் அன்றோடு பந்தைத் தொடாமல் போய்விடுகிறான்.

11. நெய்வேலிக்குக் கூட்டிப் போங்கள். 1956-இல் நிலக்கரி நிறுவனம் வந்த பிறகு, வட்டம் வட்டமாகப் பிரித்து அகலச் சாலையும் மரமும் மைதானமுமாகக் கட்டிய ஊர் அது. பாரதி விளையாட்டரங்கத்தின் புல்லை முதன்முதலில் பார்க்கும் நம் பையன்கள் குனிந்து தொட்டுப் பார்ப்பார்கள். அங்கத்திய பிள்ளைகளின் பூட்ஸைப் பார்த்துக் கொஞ்சம் சுருங்கவும் செய்வார்கள். ஐந்து கோலில் தோற்கலாம். பரவாயில்லை, மறுமாதமும் நட்பு ஆட்டம் கேளுங்கள். தோற்றுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் பாடம் எடுக்காதீர்கள். அவர்கள் பாட்டுப் பாடட்டும்.

12. பலாக் காலம், முந்திரிக் காலம் தெரிந்து அட்டவணை போடுங்கள். மார்ச்சிலிருந்து முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்க வீட்டில் எல்லாக் கையும் வேண்டும். அதை ஒட்டியே பலா மண்டியில் வண்டி வண்டியாக இறங்கும். அந்த நாட்களில் ‘ஏன் வரவில்லை’ என்று ஒரு பையனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். எந்தக் கிழமை வர முடியும் என்று கேளுங்கள்.

13. கோட்டோரம் நின்று கத்தாதீர்கள். நடுவர் தவறாக ஊதினாலும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

14. உண்மையிலேயே ஆடத் தெரிந்த ஒரு பிள்ளை கிடைத்தால், அதைப் பிடித்து வைக்காதீர்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு அறிவிப்பு வரும்போது நீங்களே விண்ணப்பம் நிரப்பி, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த ஆண்டு நம் அணி பலவீனமாகும் என்பது உங்கள் கவலை, அவனுடையது இல்லை. அதற்காக வீட்டாரிடம் ஆசை காட்டவும் வேண்டாம். அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 விழுக்காடு இடம் உண்டு என்று சொல்லும்போதே, எத்தனை விளையாட்டுக்காரர்கள் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மூடச் சொல்லும் பயிற்சியாளரை நான் நம்புவதில்லை.

15. ஒரு நீள நோட்டு போடுங்கள். பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண், ஊர், கடைசி பஸ் நேரம், அம்மாவின் போன் நம்பர், எந்தக் காலால் உதைக்கிறான், எதற்குப் பயப்படுகிறான், எப்போது அடிபட்டது என்று எழுதி வையுங்கள். கலந்தாய்வில் உங்களுக்கு வேறு ஊர் கிடைக்கும். நீங்கள் போன மறுவாரமே மைதானம் கிரிக்கெட்டுக்குப் போய்விடும், பந்துகள் பீரோவில் காற்றிறங்கிக் கிடக்கும். நம் பக்கத்து அணிகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. ஆகவே போகுமுன்பே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு, ஒரு பையன் ஒரு பெண், ஆறாம் வகுப்பைப் பழக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். விசில் அவர்களிடம் இருக்கட்டும். நோட்டு புதிதாக வருகிற ஆசிரியருக்கு. பம்ப்பும் ஊசியும் எந்த பீரோவில் இருக்கின்றன என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.