கண்ணாடி காட்டாத இடங்கள்

சரக்கு வண்டி வைத்திருக்கும் வியாபாரி தம் வண்டியைப் பற்றிப் பல விவரங்களை மனப்பாடமாக வைத்திருப்பார். எத்தனை மூட்டை ஏறும், லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் கொடுக்கும், எஃப்.சி. எந்த மாதம் முடிகிறது என்று கேட்டால் உடனே பதில் வரும். ஆனால் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தால் எந்தெந்த இடம் கண்ணுக்குத் தெரியாது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் யோசிக்கத்தான் செய்வோம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

2022 மார்ச் மாதம் சென்னை ஆழ்வார்திருநகரில் ஒரு தனியார் பள்ளி வளாகத்துக்குள், இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பின்னோக்கி வந்த பள்ளி வேனில் சிக்கி உயிரிழந்தான். அதே ஆண்டில் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கான விதிகளைத் திருத்தி, முன்னும் பின்னும் கேமராவும், எச்சரிக்கை செய்யும் சென்சாரும் பொருத்த வேண்டும் என்று சேர்த்தது. பள்ளி வேனுக்கு உள்ள மறைவு நம் மினி லாரிக்கும் உண்டு. 'குட்டி யானை' என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் வண்டிக்கும் உண்டு. பள்ளி வேனைப் போலவே நம் வண்டியும் குழந்தைகள் நடமாடும் இடத்துக்குத்தான் போகிறது. மளிகைக் கடை வாசலில் குழந்தை நிற்காத நேரம் எது?

தூண் எவ்வளவு மறைக்கும்?

முன்கண்ணாடிக்கு இருபுறமும் கூரையைத் தாங்கி நிற்கும் தூணை மெக்கானிக்குகள் பில்லர் என்பார்கள். பழைய அம்பாசிடர் காரில் இந்தத் தூண் மெலிதாக இருந்தது. இன்றைய வண்டிகளில் தடித்துவிட்டது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே தூணைக் குறை சொல்லிப் பயனில்லை. அது மறைப்பது எவ்வளவு என்று தெரிந்துகொள்வதே நம் வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூணின் அகலம் 4 அங்குலம், கண்ணிலிருந்து அது இருக்கும் தூரம் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். நம் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் இரண்டரை அங்குலம் இடைவெளி உண்டு. ஒரு கண்ணுக்கு மறைவதில் கொஞ்சம் மற்றக் கண்ணுக்குத் தெரியும். அதைக் கழித்த பிறகும், 40 அடி தூரத்தில் இரண்டே முக்கால் அடி அகலம் இரண்டு கண்ணுக்கும் அடியோடு மறைந்துவிடுகிறது. 100 அடி தூரத்தில் ஆறரை அடி மறைகிறது. அதாவது 40 அடியில் ஓர் ஆள் மறைவார். 100 அடியில் குறுக்கே போகும் ஒரு மொபெட் முழுதாக மறைந்துவிடும். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்த 100 அடியை மூன்று விநாடிக்குள் கடந்துவிடுகிறது.

மறைவிலேயே கூட வரும் வண்டி

"எதிராளியும் நகர்கிறான், நாமும் நகர்கிறோம், ஒரு விநாடி மறைந்தாலும் அடுத்த விநாடி தெரிந்துவிடாதா?" என்று கேட்கலாம். எப்போதும் தெரிந்துவிடாது. இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம்.

நாம் 40 கிலோ மீட்டர் வேகத்தில் நேராகப் போகிறோம். வலப்பக்கக் கிளைச் சாலையிலிருந்து ஒரு மொபெட் 20 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சந்திப்புக்கு வந்து சேரும்படி அமைந்துவிட்டால், கடைசி வரையில் அந்த மொபெட் நம் கண்ணுக்கு ஒரே கோணத்தில்தான் இருக்கும். அந்தக் கோணத்தில் தூண் நின்றால் மொபெட் தூணுக்குப் பின்னாலேயே நம்மோடு கூட வரும். நம்மீது மோதப் போகிற வண்டிதான் இப்படி மறைவில் நிலைத்து நிற்கிறது. மோதாமல் போகிற வண்டி தூணைவிட்டு விலகி, தானே கண்ணில் பட்டுவிடும். கடலில் கப்பல் ஓட்டுபவர்களும் இதை அறிவார்கள். தூரத்தில் தெரியும் கப்பல் திசை மாறாமல் நெருங்கி வந்தால் அது மோத வருகிறது என்பது அவர்கள் பழைய பாடம்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி போகும் பாதையை நினைத்துப் பார்ப்போம். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் கிளைப் பாதைகள், ஓரத்தில் அடர்ந்த சீமைக் கருவேலம், காலையும் மாலையும் வேலைக்குப் போய்த் திரும்பும் மொபெட்டுகள், சைக்கிள்கள். ஆடி மாதத்தில் இருக்கன்குடிக்கு நடந்து போகும் பக்தர்கள் விடியும் முன்பே சாலை ஓரத்தில் இருப்பார்கள். இவர்களில் எவரும் தூணுக்குப் பின்னால் மறையக்கூடியவர்களே.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. சந்திப்பை நெருங்கும்போது கண்ணை மட்டும் திருப்பாமல், உடம்பை அரை அடி முன்னால் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் சற்று நகர்ந்து பார்க்க வேண்டும். தலை நகர்ந்தால் தூணின் மறைவும் நகரும். கூடவே வேகத்தையும் குறைத்தால் அந்த ஒரே கோணம் உடைந்து, மறைந்திருந்த வண்டி வெளியே வரும். வலப்பக்கம் திரும்பும்போது இது மிகவும் அவசியம். நாம் திரும்பி நுழையப் போகும் தெருவைக் கடக்கும் ஆள், சரியாக வலத் தூணுக்குப் பின்னால்தான் இருப்பார்.

பக்கக் கண்ணாடியின் குறை

பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்த கண்ணாடிகள். அதிக இடத்தைக் காட்டுவதற்காக எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். சிறிதாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக நம் மனம் எடுத்துக்கொள்ளும். மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியாகச் செல்லும் நான்கு வழிச் சாலையில், முன்னால் போகும் லாரியை முந்த வலப்பக்கம் ஒதுங்கும்போது, கண்ணாடியில் "தூரத்தில்" தெரிந்த கார் உண்மையில் மிக அருகில் இருக்கலாம். நமக்குச் சரிபக்கத்தில் வந்துவிட்ட கார் கண்ணாடியில் தெரியாமலே போய்விடலாம்.

காரில் கண்ணாடியைச் சரிசெய்ய எளிய முறை இது. வழக்கமாக உட்காரும் நிலையில் இருக்கையை வைத்துக்கொண்டு, தலையை வலப்பக்க ஜன்னல் வரை சாய்த்து, அங்கிருந்து நம் காரின் பக்கம் ஒரு கோடாகத் தெரியும்வரை வலக் கண்ணாடியை வெளியே திருப்ப வேண்டும். பிறகு தலையைக் காரின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, இடக் கண்ணாடியையும் அதேபோல் வைக்க வேண்டும். சரியாக வைத்தால், நம்மை முந்தும் வண்டி உள் கண்ணாடியை விட்டுப் போகுமுன் பக்கக் கண்ணாடியில் வந்துவிடும். அதை விட்டுப் போகுமுன் கடைக்கண்ணில் பட்டுவிடும்.

சரக்கு வண்டிக்கு இது போதாது. லோடு ஏறினால் உள் கண்ணாடியால் பயனில்லை. எனவே பக்கக் கண்ணாடியில் வண்டியின் பக்கமும் பின்சக்கரமும் கொஞ்சம் தெரியும்படி வைத்து, மூலையில் ஒட்டும் சிறு வட்டக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. தீபாவளிக்கு முன் பட்டாசுப் பெட்டிகளும், ஆண்டு முடிவில் காலண்டர் கட்டுகளும் உயரமாக ஏறும் காலத்தில், தார்ப்பாயின் நுனி காற்றில் பறந்து கண்ணாடியை மூடிவிடுவதும் உண்டு. லாரி செட்டிலிருந்து வண்டி புறப்படுமுன் தார்ப்பாயையும் கயிற்றையும் இழுத்துக் கட்டிவிட்டார்களா என்று பார்ப்பது டிரைவரோடு நம் ஆளின் பொறுப்பும்கூட.

லாரியைச் சுற்றிலும்

உயரமான லாரியில் முன்பம்பரை ஒட்டி நிற்கும் ஆள் டிரைவருக்குத் தெரியமாட்டார். இடக் கதவை ஒட்டி வரும் சைக்கிளும் தெரியாது. லாரி இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கச் சந்தில் நுழைந்தவர் அப்போதுதான் சிக்கிக்கொள்கிறார்.

லண்டன் மாநகரில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில், டிரைவர் தம் கண்ணால் நேராக எவ்வளவு பார்க்க முடிகிறது என்று அளந்து பூஜ்ஜியம் முதல் 5 வரை நட்சத்திரம் தருகிறார்கள். 2021 மார்ச் முதல் இந்த அளவை வைத்தே அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். 2024 அக்டோபர் முதல், 3 நட்சத்திரத்துக்குக் குறைந்த லாரி கேமரா, சென்சார் முதலிய கூடுதல் சாதனங்கள் பொருத்தினால்தான் நகருக்குள் போக முடியும். கவனமாக ஓட்டும் டிரைவருக்கும் தெரியாத இடம் உண்டு என்பதை ஒரு பெருநகரமே ஒப்புக்கொண்டு விதி செய்திருக்கிறது.

மொபெட்டில் மூட்டை கட்டிப் போகும் சில்லறைக் கடைக்காரர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் நமக்குத் தெரியாவிட்டால், நாமும் அவருக்குத் தெரியமாட்டோம். அந்த இடத்தில் நிற்கக் கூடாது, பின்தங்கிவிட வேண்டும். அழகுக்கென்று மொபெட்டின் கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பவர்கள் இன்றே திரும்ப மாட்டிவிடுவது நல்லது.

நாமே சேர்க்கும் மறைவு

தூணும் கண்ணாடியும் கம்பெனி கொடுத்தவை. முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், உள்ளே தொங்கும் மாலை, திரைத்துணி, டாஷ்போர்டில் அடுக்கிய பில் புத்தகம் ஆகியவை நாம் சேர்த்தவை. சாமி படம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பார்வைக்குக் குறுக்கே வராத இடத்தில், தாழ்வாகச் சிறியதாக வைக்கலாம். திருஷ்டிக்குக் கட்டும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் பம்பருக்குக் கீழே கட்டினாலும் அதே பலன்தான். கறுப்புத் தாள் ஒட்டுவதும் கூடாது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். ஐப்பசி மழையில், இரவு நேரத்தில், அழுக்கான கண்ணாடியும் தேய்ந்த வைப்பரும் சேர்ந்தால் தூண் இல்லாத இடத்திலும் தூண் முளைத்துவிடும்.

பின்னால் எடுக்கும்போது

நம் தொழிலில் மிக ஆபத்தான பத்தடி, கடை வாசலிலும் கிட்டங்கி வாசலிலும் வண்டியைப் பின்னால் எடுக்கும் பத்தடிதான். லோடு வண்டியின் நேர்பின்னால் என்ன இருக்கிறது என்பதை எந்தப் பக்கக் கண்ணாடியும் காட்டாது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்கச் சென்சார் கட்டாயம். பழைய வண்டிகளில் அது இருக்காது.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 15 கிலோ எண்ணெய் டின் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், நடக்கத் தொடங்கிய குழந்தையின் உயரத்தை ஒட்டி வரும். காலி டின்களாக எடுத்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்து, டிரைவரை இருக்கையில் உட்கார வைத்து, டின்களை வண்டியைச் சுற்றி நகர்த்த வேண்டும். "தெரியவில்லை" என்று அவர் சொல்லும் இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட வேண்டும். முடிந்ததும் டிரைவரைக் கீழே இறக்கி அந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அரை மணி நேர வேலை. நூறு புத்திமதி சொல்வதைவிட அந்தக் கோடு அவர் மனதில் நிற்கும்.

அதன்பின் கடையில் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்வோம். கீழே ஆள் நின்று பார்க்காமல் வண்டி பின்னால் வரக்கூடாது. அந்த ஆள் வண்டியின் நேர்பின்னால் நிற்காமல், கண்ணாடியில் டிரைவருக்குத் தெரியும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆள் கண்ணாடியில் மறைந்தால் டிரைவர் உடனே நிறுத்த வேண்டும். ஆள் இல்லையென்றால் டிரைவர் இறங்கிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஏற வேண்டும். ஏறியதும் தாமதமில்லாமல் எடுக்க வேண்டும். இடையில் போன் பேசினால் பார்த்தது பழையதாகிவிடும்.

முதலாளியின் பங்கு

இதில் நம் பங்கும் இருக்கிறது. "இன்னும் என்ன செய்கிறாய், சீக்கிரம் எடு, பின்னால் வண்டி நிற்கிறது" என்று பஜாரில் சத்தம் போடுவது பெரும்பாலும் முதலாளிதான். இறங்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை டிரைவருக்குக் கொடுக்காமல், நாளை விபத்து நடந்தால் அவர்மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

சட்டமும் அப்படி விட்டுவிடுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. நஷ்டஈட்டு வழக்கில் டிரைவரோடு வண்டி உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். டிரைவரிடம் முறையான லைசென்ஸ் இல்லையென்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளவும் கோர்ட் அனுமதிக்கும். பணத்தையாவது எப்படியோ கட்டிவிடலாம். நம் கடைக்கு மிட்டாய் வாங்க வந்த குழந்தையின் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே வியாபாரிகள் அனைவரும் வருகிற வார விடுமுறையிலேயே தங்கள் வண்டியில் டின் சோதனையைச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கண்ணாடியைத் துடைத்து, சரியாகத் திருப்பி, தொங்குவதை அகற்றி, இறங்கிப் பார்க்க டிரைவருக்கு நேரம் கொடுப்போம். தராசு முள்ளைச் சாயாமல் பார்க்கும் கண் நமக்கு இருக்கிறது. அதே கவனத்தை வண்டியைச் சுற்றியுள்ள நான்கு பக்கத்துக்கும் கொடுப்போம்.